கண் கல்லடியில் என் தம்பி

துவைக்கப் போடுற சட்டைப் பையில கை விட்டுப் பார்க்கிறது அநாகரிகம்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். நான் இருபத்தாறு வருஷமா பஸ்ல டிக்கெட் செக்கிங். அடுத்தவன் பையைப் பார்க்காம எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தத் திங்கட்கிழமை தம்பியோட சட்டையில ஒரு பஸ் டிக்கெட் கிடைச்சது.

வேற யாரா இருந்தாலும் கசக்கிப் போட்டுட்டுச் சட்டையை ஊற வச்சிருப்பாங்க. எனக்கு டிக்கெட்னா படிச்சாகணும். ஞாயிற்றுக்கிழமை, காலை அஞ்சு அம்பது, முதல் வண்டி. ஏறினது மூணாவது ஸ்டேஜ், அது எங்க தெரு முனை. இறங்கினது பத்தொன்பது. அங்க மனுஷன் இறங்குறதுக்கு என்ன இருக்கு? குடோன் எல்லாம் முடிஞ்சு, பெட்ரோல் பங்க்கும் முடிஞ்சு, வெறும் பொட்டல். ஆனா இவன் என்கிட்ட சொல்லிட்டுப் போனது, “பார்க்குல நடந்துட்டு வரேன்க்கா.”

ஒரு டிக்கெட்னா போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். விட மாட்டேன், சும்மா சொல்றேன். அவனோட மத்த சட்டை, பேண்ட், கட்டிலுக்கு அடியில கிடந்த பழைய பை எல்லாத்தையும் உதறினேன். இன்னும் பதினோரு டிக்கெட். எல்லாம் ஞாயிறு, எல்லாம் பத்தொன்பது. எனக்குப் பயம் வந்துடுச்சு.

ஏன்னு சொல்லிடறேன். எனக்குக் கல்யாணம் நடக்கல. அவனுக்கு நடந்தது, நிலைக்கல. ரெண்டாவது மாடியில ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, நான், அவன். அவனுக்கு நாப்பத்தேழு வயசு, மின்சார ஆபீஸ்ல ஸ்டோர் கீப்பர். எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கிறது அவன் ஒருத்தன்தான். ஊர்ல பாதிப் பேர் என்னைப் பார்த்தாலே பொய் சொல்வாங்க, அது என் பொழப்பு. வீட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தனும் சொன்னா எனக்குன்னு யார் இருக்கா?

அன்னிக்கு சாயங்காலம் நூல் விட்டுப் பார்த்தேன்.

“பார்க்குல நேத்து கூட்டமாடா?”

“ஆமாக்கா. ஞாயிறுல்ல.”

“அந்த உடைஞ்ச பெஞ்சை மாத்திட்டாங்களா?”

“மாத்திட்டாங்கக்கா. புது பெஞ்சு போட்டிருக்காங்க.”

பைப் போடுற வேலைக்காகப் பார்க்கைப் பூட்டி மூணு வாரம் ஆகுது. அந்த ரோட்டு வண்டியெல்லாம் சுத்தித்தான் போகுது, அதுக்கான சுற்றறிக்கையில என் கையெழுத்தே இருக்கு. இவன் என் காதுல பூ சுத்துறான். அதுவும் முகத்துல ஒரு சுருக்கம் விழாம, டீயை ஆத்திக் குடிச்சுக்கிட்டே சுத்துறான். டிக்கெட் வாங்காதவனாவது ஒரு நிமிஷம் திருதிருன்னு முழிப்பான்.

அதுக்கப்புறம் நான் கண்கொத்திப் பாம்பா ஆயிட்டேன். அவன் குளிக்கப் போனா பையைத் திறப்பேன். தூங்கினா தலையணைக்கு அடியில தடவுவேன். புதன்கிழமை கிடைச்சது ஒரு தையல் நூல், அதோட முனையில ஒரு பித்தளை நட்டு கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு சின்ன நோட்டு. பக்கம் பக்கமா தேதி, தேதிக்கு எதிர்ல ஒரு நம்பர். எல்லாமே ஞாயிறு. 22, 22, 23, 26. கடைசிப் பக்கத்துல 31, 33, 36. வேற ஒரு எழுத்து இல்ல.

என்னடா இது? ரத்தக்கொதிப்பா? யாராவது இத்தனை தடவை ஏதோ மந்திரம் சொல்லச் சொல்லியிருக்காங்களா? நூலையும் நட்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு நல்லதா எதுவும் தோணல. இந்தக் காலத்துல தனியா இருக்கிற ஆம்பளைங்களைப் பிடிச்சு வச்சு மண்டையைக் கழுவுற கும்பல் நிறைய இருக்கு. முதல்ல அமைதி தரேன்னு கூப்பிடுவாங்க, அப்புறம் வீட்டை விட்டே வரச் சொல்லுவாங்க. இவன் வாயில்லாப் பூச்சி, வான்னா போயிடுவான்.

சனிக்கிழமை டிப்போவுல அந்த முதல் வண்டி கண்டக்டரைப் பிடிச்சேன்.

“பத்தொன்பதுல ஞாயித்துக்கிழமை யார்டா இறங்குறா?”

“அவங்களா? கல்லுப் பார்ட்டிக்கா. பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வருவாங்க. எட்டுப் பத்து பேர், ஒருத்தர் என் வண்டியில, மீதிப் பேர் பின்னால வர்ற வண்டியில. அந்தப் பொட்டல்ல பழைய கல்லுங்க நட்டு வச்சிருக்குல்ல? ராஜா காலத்துக்கும் முன்னாடின்னு போர்டு போட்டிருக்குமே. அதுல போய் சாஞ்சு உக்காந்து கண்ணை மூடிக்குவாங்க.”

“எதுக்கு?”

“அதை நீங்கதான் செக் பண்ணிச் சொல்லணும்.” பல்லை இளிச்சான். “ஆனா எல்லாரும் ஒழுங்கா டிக்கெட் வாங்கிடுவாங்கக்கா.”

மறுநாள் அவன் கிளம்பினதும் நான் அடுத்த வண்டியை விட்டுட்டு அதுக்கடுத்ததைப் பிடிச்சேன். இறங்கி, போர்டு காட்டின பக்கம் நடந்தா, ஒரு மேட்டுல ஒன்பது கல் நிக்குது. சின்னது என் உசரம். பெரியது, ஒரு ஆள் மேல ஒரு ஆள் ஏறி நின்னாலும் உச்சி எட்டாது. கிட்டத்தட்ட எல்லாக் கல்லுக்கும் கீழ ஒரு ஆள். பல் டாக்டர் ஒருத்தரை எனக்கு அடையாளம் தெரிஞ்சது, என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவர். அவரும் கண்ணை மூடிக்கிட்டு சொர்க்கத்துல இருக்கிற மாதிரி உக்காந்திருந்தார்.

எல்லாத்துலயும் பெரிய கல்லடியில என் தம்பி.

நான் மறையறதுக்குள்ள ஒரு அம்மா என்னைப் பார்த்துட்டாங்க. வெள்ளை முடி, காட்டன் பை, குரல்ல சாக்பீஸ் வாடை. எல்லாரும் அவங்களை டீச்சர்னு கூப்பிடுறாங்க. சரி, தலைவி சிக்கிட்டான்னு நினைச்சேன்.

“புதுசா வந்திருக்கீங்களா? உக்காருங்க. அந்தச் சின்னக் கல் காலியா இருக்கு.”

“இங்க என்ன சொல்லித் தருவீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க. கல்லுகிட்ட எதுவும் கேக்காதீங்க. அது ரொம்ப நாளா நிக்குது. நாமளும் ஒரு மணி நேரம் கூட இருந்துட்டுப் போவோம். அவ்வளவுதான்.”

“அப்புறம் எதுல சேரணும்? எங்க கையெழுத்துப் போடணும்?”

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. “பஸ் செக்கிங் அம்மாதானே நீங்க? ஒரு தடவை என் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீங்க.”

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அவங்க குட்டை உடைக்க வந்தா, என் குட்டு முதல்ல உடைஞ்சுடுச்சு. தம்பி இருந்தது மேட்டோட அந்த ஓரத்துல, பாதி திரும்பின மாதிரி, நான் இருந்தது அவனுக்குத் தெரியாது. சின்னக் கல்லுல போய் சாஞ்சு உக்காந்தேன். முதுகுல சில்லுன்னு ஏறுச்சு. கொஞ்ச நேரத்துல வெயில் வந்து அந்தக் கல் மெதுவா சூடாச்சு. டிப்போ சத்தம், விசில், சில்லறை சத்தம் எதுவும் இல்ல. என் காதுக்குள்ள இரைச்சல் ஓடுறது எனக்கே கேட்டது. அது நின்னப்போ, அய்யோ, நல்லா இருந்தது. அந்த நல்லா இருந்ததுதான் எனக்கு ஆத்திரமா வந்தது. இப்படித்தானே ஆளைக் கவுக்கிறாங்க?

அதனால ஒரு கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒரு சுத்து பார்த்தேன். பஸ்ல நான் ஏறினதும் டிக்கெட் இல்லாதவன்தான் தூங்குற மாதிரி கண்ணை மூடுவான். பொய்யா மூடின கண்ணு எனக்குப் பத்தடி தூரத்துல தெரியும், இமை துடிக்கும். இங்க எல்லாரும் நிஜமாவே மூடியிருந்தாங்க. ஒருத்தன் மட்டும் மூடல. என் தம்பி. கல்லுல சாயக்கூட இல்ல, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு கை நுழையும். தலையைத் தூக்கி அந்தக் கல்லோட உச்சியையே பார்த்துக்கிட்டு இருந்தான். முகம் வெளுத்திருந்தது. அமைதி தேடி வந்தவன் முகம் அப்படி இருக்காது. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கிறவன் முகம் அது.

முடிஞ்சு கிளம்பும்போது டீச்சர்கிட்ட மெதுவாக் கேட்டேன், “அந்தப் பெரிய கல்லுக்காரர் யாரு?”

“அவரா? எங்க எல்லாரையும் விட சிரத்தையான ஆள். ரெண்டு வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல. எப்பவும் முதல்ல வந்துடுவார், எல்லாரும் போன பிறகுதான் எழுந்திருப்பார். அதைக் கண் கல்லுன்னு சொல்வோம். மேல பாருங்க, துளை இருக்கா? நம்மளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். முன்னாடி நான் உக்காருற இடம் அது.” குரல் கொஞ்சம் இறங்குச்சு. “ஒரு நாளாவது விட்டுக் கொடுங்கன்னு கேட்டுப் பார்த்தேன். தலையைக் குனிஞ்சுக்குவாரே தவிர நகர மாட்டார்.”

என் தம்பியா? பஸ்ல பச்சைக் குழந்தைக்குக்கூட எழுந்து இடம் கொடுக்கிறவன் அவன். ஒரு வயசான அம்மா கேட்டும் நகரலியா? அந்த நிமிஷம் என் சந்தேகம் டீச்சர் மேல இருந்து இறங்கி அவன் மேல ஏறிக்குச்சு. ஏமாந்தவன் இவன் இல்ல. இவன்தான் இங்க ஏதோ பண்றான்.

அந்த வாரம் முழுக்க வீட்டுல நான் பேசின பேச்சு எனக்கே பிடிக்கல. தண்ணி கொண்டான்னா குத்தல், கதவைச் சாத்துன்னா குத்தல். “பார்க்குக் காத்து உடம்புக்கு ஒத்துக்குதா?” ன்னு ரெண்டு தடவை கேட்டேன். அவன் “ம்” ன்னு சொல்லிட்டுத் தட்டைக் கழுவி வச்சான். அவன் எப்பவுமே அப்படித்தான், நான் கத்த ஆரம்பிச்சா தட்டைக் கழுவப் போயிடுவான்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு முன்னாடி நான் அங்க இருந்தேன். டிப்போவுல இருந்து காலியா கிளம்புற வண்டியில ஏறி, இருட்டுப் பிரியறப்போ இறங்கி, தண்ணி போகறதுக்காகப் புதுசா வெட்டியிருந்த வாய்க்கால் கரையில ஒரு புதருக்குப் பின்னால குந்திக்கிட்டேன். அம்பத்து மூணு வயசுல எனக்கு இது தேவையா? தேவைதான்.

அவன் வந்தான். சுத்திமுத்திப் பார்த்தான், அசல் திருட்டு முழி. பையில இருந்து அந்த நூலை எடுத்தான். கல்லுல ஒரு இடத்துல நூலோட தலையைக் கட்டைவிரலால அழுத்தினான். நட்டு கீழ தொங்கி ஆடுச்சு. அது ஆடி அடங்குற வரைக்கும் மூச்சுக்கூட விடாம பார்த்துக்கிட்டு நின்னான்.  சூனியம் வைக்கிறானோன்னு நினைச்சேன், சத்தியமா. அப்புறம் குந்தி உக்காந்து, நட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு ஸ்கேலை வச்சு, நோட்டை எடுத்து எழுதினான். எழுதிட்டு அந்த நோட்டால தன் நெத்தியிலயே ரெண்டு தடவை அடிச்சுக்கிட்டான்.

அதுக்கு மேல என்னால குந்தியிருக்க முடியல.

“என்னடா பண்ற இங்க?”

துள்ளி விழுந்தான். நூல் கையை விட்டுப் போச்சு. “அக்கா, அங்கேயே நில்லு. கிட்ட வராத!”

“ஏன், வந்தா உன் மந்திரம் கெட்டுடுமா?”

“சொன்னாக் கேளு, இந்தப் பக்கம் வராதக்கா!” என்கிட்ட இதுவரைக்கும் அவன் குரல் உசத்தினதே இல்ல. ஓடி வந்து ரெண்டு கையாலயும் என் தோளைப் பிடிச்சு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போனான்.  “அந்தக் கல் விழுந்துடும்க்கா. எப்பன்னு தெரியாது. ஆனா விழும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தான் நட்டேன்.”

வாய்க்கால் கரையில உக்காந்துதான் மீதியைச் சொன்னான். இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் மின்கம்பம் நடுற குழுவுல இருந்தான். ஒருநாள் கிரேனோட அவங்களை இங்க அனுப்பியிருக்காங்க. ஒன்பது கல்லுல ஒண்ணு எப்பவோ சாஞ்சு தரையில கிடந்தது. அதை நிமிர்த்தி நட்டுட்டு வரணும். வந்து காட்ட வேண்டிய தொல்லியல் துறை அதிகாரி வரல. கிரேன் மத்தியானத்துக்குள்ள வேற இடத்துக்குப் போகணும். எந்தப் பக்கம் மேலன்னு மேஸ்திரி இவனைத்தான் கேட்டிருக்கார்.

“ஒரு முனையில துளை இருந்துச்சுக்கா. எங்களுக்குக் கம்பம்னா துளை இருக்கிற பக்கம் மேல. அங்கதான் போல்ட் போட்டு கம்பி இழுப்போம். நான் யோசிக்கவே இல்ல. துளை மேலன்னு சொல்லிட்டேன். குழியும் கம்பத்துக்கு வெட்டுற மாதிரியே, ஆறுல ஒரு பங்கு. பதினெட்டு அடிக் கல்லுக்கு மூணடி.”

“சரி?”

“நிக்க வச்சு கிரேன் பெல்ட்டைக் கழட்டின பிறகுதான் பார்த்தேன். துளை இருக்கிற முனையில இருந்து ஆறடிக்கு மண் கறை. அதுதான் அந்தக் காலத்துல மண்ணுக்குள்ள இருந்த பக்கம். அந்தத் துளை கயித்தைக் கட்டி இழுத்துட்டு வர்றதுக்குப் போட்டது. பின்னாடி ஒரு மியூசியத்துல படம் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். கல்லைத் தலைகீழா நட்டுட்டேன்க்கா. பெருத்த பக்கம் மேல, சிறுத்த பக்கம் கீழ.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“கிரேன் கிளம்பிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.”

சும்மா நின்னிருந்தா நின்னிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த வாய்க்காலை வெட்டினாங்க. மண் இளகிடுச்சு. வேற வேலையா இந்தப் பக்கம் வந்தவன் கல் சாயறதைப் பார்த்திருக்கான். சாயறது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் டீச்சர் முதுகைச் சாய்ச்சுக் கண்ணை மூடி உக்காந்திருந்தாங்களாம். நோட்டுல இருந்த நம்பர் எல்லாம் அந்தச் சாய்வு, மில்லிமீட்டர்ல. அன்னிக்குக் காலையில 41. துறைக்கு ரெண்டு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான், யாரும் வரல. எப்படி வருவாங்க? எங்க ஆபீஸுக்கு வர்ற மொட்டைக் கடுதாசியை நானே படிக்காம குப்பையில போடறவதான்.

“அதனால வாரா வாரம் இங்க வந்து...”

“நான் உக்காந்துட்டா வேற யாரும் உக்கார மாட்டாங்கல்ல?”

அவ்வளவு சாதாரணமா சொன்னான்.  ரெண்டு வருஷம். நூறு ஞாயித்துக்கிழமை. நான் வீட்டுல காப்பி போட்டு, மூடி வச்சு, இவன் இன்னும் வரலியேன்னு திட்டிக்கிட்டு இருந்த நேரமெல்லாம் என் தம்பி அந்தக் கல்லுக்குக் கீழ உச்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கான்.

“அறிவு இருக்காடா உனக்கு?” கத்திட்டேன். “பேர் போட்டு ஒரு கடிதம் எழுதினா முடிஞ்சது! வேலையா போயிடும்? ஜெயில்லயா போடுவாங்க? யாருக்குடா பயந்த? சொல்லு, யாருக்கு?”

அவன் கையில இருந்த ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உனக்குத்தான்.”

“எனக்கா?”

“பேர் போட்டா உனக்குத் தெரியும். தெரிஞ்சா நீ விட மாட்ட. அப்பாவையே விடலியேக்கா.”

அப்பாவோட பாஸ் ஒருநாள் தேதி முடிஞ்சிருந்தது. என் செக்கிங்ல மாட்டினார். பெத்தவரா இருந்தா என்ன, தப்பு தப்புதான்னு எல்லார் முன்னாடியும் எழுதிக் கொடுத்து இறக்கி விட்டேன். அவர் பாவம், தெரியாம வந்துட்டேம்மான்னார். வீட்டுக்கு நடந்தே வந்தார். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவர் என் வண்டியில ஏறினதில்ல. இந்தக் கதையை நான் எத்தனை பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் இவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கறதுக்குள்ள ரெண்டாவது வண்டி வந்து, பாயும் கையுமா அவங்க மேடு ஏறி வந்துட்டாங்க. முன்னாடி டீச்சர்.

கண் கல்லடியில யாரும் இல்லாததைப் பார்த்து அவங்க முகம் மலர்ந்தது. “அடடே, இன்னிக்கு எனக்கு விட்டுக் கொடுத்துட்டீங்களா? ரொம்ப நன்றிங்க.”

தம்பி ஓடிப்போய் குறுக்க நின்னான். “டீச்சர், இங்க உக்காராதீங்க. இந்தக் கல் தலைகீழா நிக்குது. நான் நட்டது. என் தப்பு.”  எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பல் டாக்டர், “இடத்துக்காக இப்படியெல்லாமா சார் கதை கட்டுவாங்க?” ன்னார். டீச்சர் அவனை விலக்கிட்டு, “பரவால்லங்க, ஒரு அஞ்சு நிமிஷம்” ன்னு பாயை விரிச்சு உக்காந்தே உக்காந்துட்டாங்க. முதுகு கல்லுல பட்டுடுச்சு.

தலைகீழா நின்ன கல்லை நம்பி ஒரு கூட்டம் இருந்தது. உண்மை சொன்ன ஒருத்தனை யாரும் நம்பல. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

“செக்கிங்! எல்லாரும் கீழ இறங்குங்க!”

பொட்டல் வெளியில எதை விட்டு இறங்குறது? ஆனா இருபத்தாறு வருஷத்துக் குரல் அது, பல் டாக்டர் மேட்டை விட்டே நாலடி இறங்கிட்டார். டீச்சரும் பதறி எழுந்துட்டாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்தேன். “அவன் சொல்றது நிஜம். எனக்குப் பொய் தெரியும்மா. இவன் ரெண்டு வருஷமா என்கிட்ட சொன்னது எல்லாம் பொய், இப்ப சொன்னது மட்டும்தான் நிஜம்.” அப்புறம் அவனே நூலைத் தொங்க விட்டுக் காட்டினான். நூல் நேரா நின்னது, கல் நிக்கல. அதைப் பார்த்ததும் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டாங்க.

டீச்சர் மட்டும் ரொம்ப நேரம் அந்தத் துளையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “அப்போ அது கண்ணு இல்லியா?” ன்னு கேட்டாங்க. தம்பி இல்லைன்னு தலையாட்டினான். “நீங்க எனக்கு இடம் விடலைன்னு உங்களை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?” ன்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்தது.

அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில கடிதம் எழுதினோம். அவன் எழுதினான், நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். கீழ பேர், வேலை, விலாசம். புதன்கிழமை இன்ஜினியர் வந்தார், அன்னிக்கே சுத்திக் கயிறு கட்டிட்டார். அடுத்த வாரம் கிரேன் வந்து பெல்ட் போட்டு இறக்கினாங்க. குழி மூணடிகூட இல்ல, மண் கரைஞ்சு ரெண்டடிதான் பிடிச்சிருந்தது. “இந்த மழைக்காலம் தாங்கியிருக்காது” ன்னார் இன்ஜினியர். நோட்டை வாங்கிப் படம் எடுத்துக்கிட்டார். ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். இதுக்கா இருபத்து மூணு வருஷம்?

தம்பி அதுக்கப்புறம் நல்லாத் தூங்குறான். நான்தான் தூங்கல. படுத்தா அதே ஒரு வார்த்தை, “உனக்குத்தான்.” பதினெட்டு அடிக் கல்லுக்குக் கீழ உக்காரப் பயப்படாதவன், என் முன்னாடி நிக்கப் பயந்திருக்கான். ஊரெல்லாம் என்கிட்ட பொய் சொல்லுதுன்னு அலுத்துக்கிட்டேனே, சொல்ல வச்சது யாரு?

நேத்து காலையில நான் சமையல்கட்டுல இருந்தேன். அவன் வாசப்படியில வந்து நின்னான். உள்ளேயும் வரல, போகவும் இல்ல. கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால.

“என்னடா?”

“அக்கா, உன் கண்ணாடி கட்டில் மேல இருந்துச்சு. பார்க்காம உக்காந்துட்டேன்.” கையை முன்னால நீட்டினான். ஒரு பக்கக் கண்ணாடி தெறிச்சு விழுந்து, ஃபிரேம் வளைஞ்சு கிடந்தது. “உடைஞ்சிடுச்சு.”

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கண்ணு எங்கடா வச்சிருந்த, எருமை மாதிரி உக்காருவியா, எல்லாம் வரிசையா வந்து நாக்கு நுனியில நின்னது. அவனும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு நின்னான், தோளைக் குறுக்கிக்கிட்டு. ஆனா ஓடல. தட்டைக் கழுவப் போகல. நான் கேக்காம, நான் பையைத் துழாவாம, அவனாவே வந்து சொன்ன முதல் தப்பு அது.

கையைத் துடைச்சுக்கிட்டு அந்த உடைஞ்ச கண்ணாடியை வாங்கிக்கிட்டேன். கண்ணாடி இல்லாம அவன் முகம் எனக்குச் சரியாத் தெரியல, கண்ணுல தண்ணி வேற.

“கையில குத்திச்சாடா?” ன்னு கேட்டேன்.